அம்மை இறங்கியது, வைரஸ் இறங்கவில்லை

"விலாப் பக்கம் ஒரே எரிச்சல், சேலை பட்டாலே சுள்ளுன்னு இருக்கு" என்று எழுபதைத் தாண்டிய ஒருவர் சொல்வார். துணியை விலக்கிப் பார்த்தால் தோலில் ஒன்றும் இருக்காது. வாயு என்பார் ஒருவர், சூடு என்பார் இன்னொருவர், பிடிப்பு என்று தைலம் தேய்த்துவிடுவார் மற்றொருவர். இரண்டு மூன்று நாள் கழித்து, அதே இடம் சிவந்து கொத்துக் கொத்தாக நீர்க் கொப்புளம் கிளம்பிய பிறகுதான் 'அக்கி' என்ற பெயரே வீட்டுக்குள் வரும். மருந்துக்கான நேரம் கொப்புளம் தெரிந்த அந்த நிமிடத்திலிருந்து ஓட ஆரம்பிக்கிறது. வைரஸை அடக்கும் மாத்திரையைத் தொடங்க மொத்தம் 72 மணி நேரம். முதியவர்களைப் பார்த்துக்கொள்கிற யாரும் முதலில் மனத்தில் பதிக்கவேண்டிய எண் இது.

கொப்புளத்துக்கு முந்தைய வலி ஏமாற்றும். இடது மார்பில் வந்தால் மாரடைப்பு போலவும், வலது மேல்வயிற்றில் வந்தால் பித்தப்பைக் கல் போலவும், இடுப்பில் வந்தால் சிறுநீரகக் கல் போலவும் இருக்கும். மார்பு வலி என்றால் எந்த யூகமும் வேண்டாம், ஈசிஜி எடுத்தே ஆக வேண்டும். அது சரியாக இருந்து, வலி ஒரே பக்கமாக, ஒரு பட்டைபோல ஓடி, மெல்லத் தொட்டாலே கூசுகிறது என்றால், அடுத்த ஐந்து நாளுக்குக் காலையும் மாலையும் நல்ல வெளிச்சத்தில் அந்த இடத்தையும் அதற்கு நேர் பின்னால் முதுகையும் பாருங்கள். முதுகை யாரும் பார்ப்பதில்லை. முதல் கொப்புளம் அங்கே ஒளிந்திருக்கலாம்.

அக்கிக்குக் காரணம் வெயிலும் இல்லை, சூட்டு உடம்பும் இல்லை, வெளியிலிருந்து புதிதாக ஒட்டிக்கொண்ட கிருமியும் இல்லை. சின்ன வயதில் வந்து, வேப்பிலை போட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றி இறங்கிய அதே சின்னம்மையின் வைரஸ்தான். அம்மை இறங்கியபோது அது உடம்பை விட்டுப் போகவில்லை. தோலிலிருந்து நரம்பு வழியாக ஏறி, தண்டுவடத்தின் பக்கத்தில் இருக்கும் நரம்பு முடிச்சுகளுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. ஐம்பது அறுபது வருடம் அங்கேயே கிடக்கும். இதைத் தன் கிளினிக் பதிவேடுகளை வைத்தே வலுவாக முன்வைத்தவர் எட்கர் ஹோப்-சிம்ப்சன் என்ற ஆங்கிலேயக் குடும்ப மருத்துவர். சைரன்செஸ்டர் என்ற சிறு நகரத்தில் 16 ஆண்டுகள் தன்னிடம் வந்த அக்கி நோயாளிகளைக் கணக்கெடுத்து 1965இல் வெளியிட்டார். ஆயிரம் பேர் 85 வயது வரை வாழ்ந்தால் அவர்களில் பாதிப் பேருக்கு ஒரு தடவையாவது அக்கி வந்திருக்கும் என்பது அவர் கணக்கு.

வைரஸ் எழுந்தால் எந்த முடிச்சில் படுத்திருந்ததோ அந்த நரம்பின் வழியாகவே தோலுக்கு இறங்கும். ஒவ்வொரு நரம்பும் உடம்பின் நடுக்கோட்டோடு நின்றுவிடுவதால் கொப்புளமும் அங்கேயே நிற்கும். அக்கி உடம்பைச் சுற்றி வந்து இரண்டு முனையும் சேர்ந்துவிட்டால் ஆள் பிழைக்கமாட்டார் என்ற பயம் பல ஊர்களில் உண்டு. சாதாரண அக்கி அப்படிச் சேராது. உண்மையிலேயே இரண்டு பக்கமும் பரவினாலோ, உடம்பில் பல இடங்களில் சிதறி வந்தாலோ எதிர்ப்புச் சக்தி வெகுவாகக் குறைந்திருக்கிறது என்று பொருள். அந்தப் பழைய பயத்துக்குள்ளே கவனிக்கவேண்டிய ஒரு விஷயமும் இருக்கத்தான் செய்கிறது. அப்படிப் பரவினால் வீட்டு மருந்து, மாத்திரை இரண்டும் போதாது. மருத்துவமனையில் சேர்த்து, அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்ற வேண்டும். சர்க்கரை, எச்ஐவி, ரத்தப் புற்றுநோய், ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் என்று அடியில் வேறு காரணம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இத்தனை வருடம் சும்மா கிடந்தது ஏன் வயதான பிறகு எழுகிறது? வைரஸ் மாறவில்லை, அதைக் காவல் காத்தவை மெலிந்துவிட்டன. இந்தக் காவலைச் செய்பவை டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள். இவை நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெற்று வெளியே வருகின்றன. தைமஸ் இளமையிலேயே சுருங்கத் தொடங்கி, முதுமையில் பெரும்பகுதி கொழுப்பாகிவிடும். புதிய டி செல்களின் வரத்து குறைந்துபோகும், இருப்பதை வைத்தே காலம் தள்ள வேண்டும். சின்னம்மை வைரஸை அடையாளம் தெரிந்துவைத்திருக்கும் டி செல்களும் வயது ஏற ஏறக் குறைகின்றன. ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவோ அந்த வேகத்தில் இறங்குவதில்லை. அக்கியைத் தடுத்துவைப்பது ஆன்டிபாடி இல்லை, டி செல். அதனால் "ஐஜிஜி பாசிட்டிவ், எதிர்ப்புச் சக்தி இருக்கு" என்று ஆன்டிபாடியை மட்டும் பார்த்துச் சொல்லும் லேப் ரிப்போர்ட்டை நம்பி அக்கி வராது என்று இருந்துவிடக் கூடாது. அந்தப் பரிசோதனைக்குச் செலவழிக்கவே தேவையில்லை.

காவல் ஆட்கள் குறைவது ஒரு பக்கம். இருக்கும் ஆட்களை ஒரே வாசலில் குவித்துவைக்கும் இன்னொரு வைரஸும் உண்டு: சைட்டோமெகலோவைரஸ். பெயர் பலருக்குப் புதிது. ஆனால் நம் நாட்டில் பெரியவர்களைப் பரிசோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இது உள்ளே இருக்கும். குழந்தைப் பருவத்தில் எச்சில் வழியாகவோ தாய்ப்பால் வழியாகவோ வந்து, அடையாளமே காட்டாமல் எலும்பு மஜ்ஜையிலிருந்து உருவாகும் செல்களுக்குள் தங்கிவிடும். அவ்வப்போது லேசாகத் தலைதூக்கும், உடம்பு உடனே அடக்கும். ஒவ்வொரு தடவை அடக்கும்போதும் அதற்கென்றே உள்ள டி செல்கள் பெருகும், பெருகியவை குறைவதில்லை. இந்த வைரஸ் உள்ள ஆரோக்கியமான பெரியவர்களை ஆராய்ந்து 2005இல் வெளியான ஒரு விரிவான ஆய்வில், முன்பு சந்தித்த கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் 'நினைவு' டி செல்களில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு இந்த ஒரே வைரஸைக் கவனிப்பதற்காக ஒதுங்கியிருந்தது தெரிந்தது. முதியவர்கள் சிலரிடம் அது கால்வாசியைத் தாண்டும். சுவீடனின் யோன்ஷாப்பிங் நகரில் எண்பது வயதைக் கடந்தவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, டி செல்களில் மற்றவற்றை வழிநடத்தும் சிடி4 வகையைவிட, தொற்றிய செல்களைக் கொல்லும் சிடி8 வகை மிஞ்சிப்போனவர்களிடம் இந்த வைரஸ் தொற்று கூடுதலாக இருந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் இறந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் அதிகம்.

இதைப் படித்துவிட்டு யாரும் சைட்டோமெகலோவைரஸுக்கு மருந்து தேடி ஓட வேண்டாம். அதை உடம்பிலிருந்து துடைத்தெடுக்கும் மருந்து கிடையாது. அடக்கிவைக்கும் வால்கான்சைக்ளோவிர் எலும்பு மஜ்ஜையையே பாதிக்கக்கூடியது. உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கும்தான் அது. இளம் வயதில் இந்த வைரஸ் உள்ளவர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி இன்னும் நன்றாக வேலை செய்ததை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். கூடவே வாழும் வைரஸ் எப்போதும் கெடுதல்தான் செய்யும் என்று சொல்ல முடியாது. செய்யக்கூடியது இதுதான்: காவல் மெலிந்திருக்கிறது என்பதை ஏற்றுக்கொண்டு, மருந்து தேவைப்படும் இடத்தில் நேரம் தவறாமல் கொடுப்பது, தடுப்பூசி இருக்கும் இடத்தில் முன்கூட்டியே போட்டுவிடுவது.

மருந்துக்கு வருவோம். அளவுகளை இங்கே சொல்வது சீட்டைச் சரிபார்த்துக்கொள்ள, தானாக வாங்கிப் போடுவதற்கு அல்ல. சிறுநீரகம் சரியாக இருக்கும் பெரியவருக்கு மூன்றில் ஒன்று: அசைக்ளோவிர் 800 மி.கி. நாளைக்கு ஐந்து வேளை, வாலசைக்ளோவிர் 1000 மி.கி. மூன்று வேளை, ஃபாம்சைக்ளோவிர் 500 மி.கி. மூன்று வேளை. எதுவானாலும் 7 நாள். அசைக்ளோவிரில் ஐந்து வேளை என்பது காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. மறதி உள்ள முதியவருக்கு இது கடினம். மதிய வேளையும் மாலை வேளையும்தான் தவறிப்போகும். செலவு கட்டுப்படியானால் மூன்று வேளை மருந்தை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். 21 மாத்திரையை நாள்வாரியாகப் பிரித்துவைப்பது 35 மாத்திரையைச் சமாளிப்பதைவிடச் சுலபம்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. உதட்டில் வரும் சாதாரண ஹெர்பிஸ் புண்ணுக்கு அசைக்ளோவிர் 200 மி.கி. ஐந்து வேளை கொடுப்பார்கள். மருந்துக்கடையில் போய் "அக்கிக்கு மருந்து" என்று கேட்டால் சில நேரம் அந்த 200 மி.கி. அட்டைதான் கைக்கு வரும். தேவையானதில் நாலில் ஒரு பங்கு அது. வலி குறையாமல் ஏழு நாளும் ஓடிப்போகும். இன்னொன்று, அசைக்ளோவிர் களிம்பு. வைரஸ் நரம்புக்குள் இருக்கும்போது மேலே தடவும் களிம்பால் பயன் இல்லை. களிம்பு தடவுகிறோம் என்ற நிம்மதியில் மாத்திரை தள்ளிப்போவதுதான் அதன் பெரிய கெடுதல்.

72 மணி தாண்டிவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று விட்டுவிடவும் வேண்டாம். புதுக் கொப்புளம் இன்னும் கிளம்பிக்கொண்டிருந்தால், கண் பக்கம் வந்திருந்தால், எதிர்ப்புச் சக்தி குறைந்தவராக இருந்தால், அதன் பிறகும் மருந்து தொடங்குவார்கள்.

வயதானவர்களுக்குச் சிறுநீரகக் கணக்கு இல்லாமல் இந்த மருந்துகளைக் கொடுக்கவே கூடாது. சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்ற எண் மட்டும் போதாது. 140இலிருந்து வயதைக் கழியுங்கள், எடையால் பெருக்குங்கள், 72ஐக் கிரியாட்டினினால் பெருக்கி வருவதால் வகுங்கள், பெண்ணாக இருந்தால் 0.85ஆல் பெருக்குங்கள். வருவது, சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்ற மதிப்பீடு. 75 வயது, 48 கிலோ, கிரியாட்டினின் 1.1 உள்ள ஒரு அம்மாவை எடுத்துக்கொள்வோம். 65ஐ 48ஆல் பெருக்கினால் 3120. அதை 79.2ஆல் வகுத்தால் 39.4. பெண் என்பதால் கிட்டத்தட்ட 33. ரிப்போர்ட்டில் 1.1 என்று பார்த்தவர் "நார்மல்" என்பார், ஆனால் சிறுநீரகம் பாதிக்கும் குறைவாகத்தான் வேலை செய்கிறது. இந்த அம்மாவுக்கு வாலசைக்ளோவிர் 1000 மி.கி. மூன்று வேளை இல்லை, 12 மணிக்கு ஒன்றுதான். கணக்கு 10 முதல் 29 வரை என்றால் நாளைக்கு ஒன்று.

கணக்கு தப்பினால் என்ன ஆகும்? மருந்து தொடங்கி இரண்டு மூன்று நாளில் முதியவர் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பிப்பார், இல்லாததை இருப்பதாகப் பார்ப்பார், கைகள் உதறும். "காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது", "காத்து கருப்பு" என்று வீடு கலங்கும். மருந்து உடம்பில் தேங்கியிருக்கலாம், அல்லது வைரஸே மூளையைத் தொட்டிருக்கலாம். வீட்டில் இருந்துகொண்டு இரண்டையும் பிரித்தறிய முடியாது, அன்றே மருத்துவமனை. மருந்து தேங்கியதுதான் காரணம் என்றால் டயாலிசிஸ் அதை வெளியேற்றிவிடும். வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போடுவது சிறுநீரகத்தை இன்னும் நெருக்கும். பாராசிட்டமால் போதும். இதய நோய்க்காகத் தண்ணீரைக் கட்டுப்படுத்தச் சொல்லாதவர்கள் அந்த ஏழு நாளும் நன்றாகத் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அசைக்ளோவிர் சிறுநீரகக் குழாய்களில் படிகமாகப் படியும்.

அக்கி எழுதுவது பற்றிச் சொல்லாமல் போக முடியாது. குயவர் வீட்டுக்குப் போய், செங்காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் எழுதி வாங்கி வருவது தலைமுறை தலைமுறையாக இருக்கும் வழக்கம். எழுதுபவர்கள் நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், பலர் காசு கேட்பதும் இல்லை. இளம் வயதினருக்கு அக்கி தானாகவே இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும் என்பதால் எழுதியது பலித்ததாகவே தெரியும். எழுபது வயதுக்காரருக்கு நிலைமை வேறு. மூன்று நாள் எழுத வேண்டும் என்று போய் வருவதற்குள் 72 மணி நேரம் கழிந்துவிடும். வீட்டுப் பெரியவர் எழுதித்தான் ஆக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் சண்டை போடாதீர்கள். முதல் வேளை மாத்திரையைக் கொடுத்துவிட்டு அழைத்துப் போங்கள், உடையாத தோலின் மேல், கொப்புளத்தைச் சுற்றி மட்டும் எழுதச் சொல்லுங்கள். உடைந்த கொப்புளத்தின் மேல் மண்ணோ மஞ்சள் விழுதோ பட்டால் சீழ் பிடிக்கும், தழும்பும் ஆழமாக விழும்.

புண்ணுக்குச் செய்யவேண்டியது எளிமையானது. குளிக்கலாம். அக்கி வந்தால் தண்ணீர் படக்கூடாது என்பது தவறு. சாதாரண சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, வாசலின் தடவிய ஒட்டாத துணியால் மூடுங்கள். எரிச்சல் அதிகமாக இருந்தால் குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியை 15 நிமிடம் போட்டு எடுக்கலாம், ஐஸ் வேண்டாம். நகத்தை வெட்டிவிடுங்கள். தளர்வான பருத்தித் துணி. ஏழு முதல் பத்து நாளில் பொருக்குக் கட்டும்.

பொருக்குக் கட்டும் வரை கொப்புள நீரில் வைரஸ் இருக்கும். அதிலிருந்து இன்னொருவருக்கு அக்கி வராது. சின்னம்மை வராதவருக்கு, தடுப்பூசியும் போடாதவருக்குச் சின்னம்மை வரும். பேரக்குழந்தையைத் தூக்கக் கூடாது என்று தாத்தாவைத் தனியறையில் அடைத்துவைக்க வேண்டியதில்லை. மூடிவைத்து, கை கழுவினால் பெரும்பாலும் போதும். கைக்குழந்தை, சின்னம்மை வராத கர்ப்பிணி, கீமோதெரபி எடுப்பவர், இந்த மூன்று பேர் மட்டும் பொருக்குக் கட்டும் வரை விலகி இருக்கட்டும்.

முகத்தில் வந்தால் எல்லாக் கணக்கும் மாறும். நெற்றியிலோ கண் இமையிலோ வந்தாலே அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதிலும் மூக்கின் நுனியில் ஒரு கொப்புளம் இருந்தால், அங்கே போகும் நரம்பின் கிளைதான் கண்ணுக்குள்ளும் போகிறது என்பதால், கருவிழி பாதிக்கப்படும் வாய்ப்பு மிகவும் அதிகம். கண் சிவக்கவில்லை, பார்வை நன்றாக இருக்கிறது என்று காத்திருந்து பார்வையை இழப்பவர்கள் இருக்கிறார்கள். காதிலோ காதுக்குள்ளோ கொப்புளம் வந்து, வாய் ஒரு பக்கம் கோணினால், அது பக்கவாதம் இல்லாமல் முகநரம்பை வைரஸ் பிடித்ததாக இருக்கலாம். அதற்கும் முதல் மூன்று நாள்தான் அருமையான நேரம்.

புண் ஆறிய பிறகும் வலி நிற்காமல் மூன்று மாதத்தைத் தாண்டினால் அதை அக்கிக்குப் பின் நரம்பு வலி என்கிறோம். அக்கி வந்தவர்களில் பத்துப் பேரில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர் வரை இதில் மாட்டுகிறார்கள், வயது கூடக் கூட விகிதம் ஏறும். "புண்தான் ஆறிடுச்சே, இன்னும் என்ன வலி?" என்று கேட்காதீர்கள். சேதம் நரம்பில், தோலில் தெரியாது. சாதாரண வலி மாத்திரை இதைத் தொடாது. கபாபென்டின், பிரெகாபலின், அமிட்ரிப்டிலின் ஆகியவைதான் மருந்துகள். முதியவருக்கு இரவில் மட்டும், மிகக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும்: கபாபென்டின் 100 மி.கி., அமிட்ரிப்டிலின் 10 மி.கி. போல. முதல் இரண்டு மூன்று இரவு தலைசுற்றலும் தள்ளாட்டமும் இருக்கும். கழிவறைக்கு எழும்போது விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வது வலியைவிடப் பெரிய துன்பம். அந்த இரவுகளில் யாராவது பக்கத்தில் படுங்கள், விளக்கு எரியட்டும். புராஸ்டேட் தொல்லை, கண்ணழுத்த நோய் உள்ளவர்களுக்கு அமிட்ரிப்டிலின் வேண்டாம் என்பதை மருத்துவருக்கு நீங்களே நினைவூட்டுங்கள். பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். நான்காம் நாளே "கேட்கலை" என்று நிறுத்துவதும், வலி போனதும் திடீரென்று விடுவதும் கூடாது. லிடோகெயின் 5 சதவீத ஒட்டுப்பட்டை கிடைத்தால், ஆறிய தோலில் 12 மணி நேரம் ஒட்டி, 12 மணி நேரம் எடுத்துவிட வேண்டும். மற்ற மாத்திரைகள் ஏற்கெனவே நிறைய எடுப்பவர்களுக்கு இதுதான் பாதுகாப்பானது.

இத்தனையையும் தவிர்க்கத் தடுப்பூசி இருக்கிறது. 2006இல் வந்த பழைய ஊசி, உயிருள்ள சின்னம்மை வைரஸை வலுக்குறைத்து, குழந்தைகளுக்குப் போடுவதைவிடப் பதினான்கு மடங்கு வீரியத்தில் செய்தது. ஆனாலும் அறுபது வயதுக்கு மேல் பாதிப் பேரைத்தான் காத்தது. எழுபதுக்கு மேல் இன்னும் குறைவு. யாருக்கு மிகவும் தேவையோ அவர்களிடமே தோற்றது. மெலிந்த டி செல்களை எழுப்ப அந்த ஊசியால் முடியவில்லை. 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஷிங்ரிக்ஸ் வேறு வழியில் போனது. வைரஸின் ஒரே ஒரு புரதம், அதோடு சிலி நாட்டுக் கீலாயா மரப்பட்டையிலிருந்து எடுத்த பொருளும் சேர்ந்த தூண்டுமருந்து. அந்தத் தூண்டுமருந்துதான் வயதான டி செல்களையும் உலுக்கி எழுப்புகிறது. சோதனைகளில் ஐம்பது வயதுக்கு மேல் 97 சதவீதமும், எழுபதுக்கு மேல் 90 சதவீதமும் பாதுகாப்பு கிடைத்தது.

இன்னொரு தகவலும் வந்திருக்கிறது. வேல்ஸில் 2013 செப்டம்பரில் பழைய ஊசியைத் தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களுக்குத்தான் தகுதி என்று கோடு போட்டார்கள். சில நாள் வித்தியாசத்தில் பிறந்து, ஊசி கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஏழு ஆண்டுகள் ஒப்பிட்டதில், போட்டவர்களுக்கு மறதி நோய் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 2025இல் வெளியான இந்த ஆய்வு, நரம்பில் உறங்கும் வைரஸை அடக்குவதன் பயன் தோலோடு முடியாமல் இருக்கலாம் என்று சுட்டுகிறது.

ஷிங்ரிக்ஸ் இந்தியாவில் 2023இலிருந்து கிடைக்கிறது, ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. அரசுத் திட்டத்தில் இல்லை, விலையும் அதிகம். அதனால் முதல் டோஸுக்கு முன்பே இரண்டாவதுக்கும் பணம் ஒதுக்கிவிடுங்கள். இரண்டுக்கும் இடையே 2 முதல் 6 மாதம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு மருத்துவர் 1 முதல் 2 மாதத்தில் போடச் சொல்லலாம். ஆறு மாதம் தாண்டிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், இரண்டாவதைப் போட்டால் போதும். ஏற்கெனவே அக்கி வந்தவரும் புண் முழுதும் ஆறிய பிறகு போடலாம். முடக்குவாதம் என்ற மூட்டு நோய்க்கு டோஃபாசிட்டினிப் போன்ற மருந்து தொடங்கப் போகிறவர்கள், முடிந்தால் அதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது, அந்த மருந்து அக்கியை அதிகம் வரவழைக்கும். ஊசி போட்ட கை பெரும்பாலோருக்கு நன்றாக வலிக்கும். உடம்பு வலியும் சோர்வும் சிலருக்குக் காய்ச்சலும் இரண்டு மூன்று நாள் இருக்கும். இது தெரியாமல்தான் பலர் இரண்டாவது டோஸைக் கைவிடுகிறார்கள். கல்யாணம், பயணம் இருக்கும் வாரத்தில் போடாதீர்கள்.

ஊசி இரண்டு குப்பிகளாக வரும், ஒன்றில் பொடி, ஒன்றில் திரவம். இரண்டையும் கலந்துதான் தசையில் போட வேண்டும். கலந்ததும் உடனே போட வேண்டும். முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள். திரவத்தை மட்டும் ஏற்றிவிட்டால் வலிதான் மிஞ்சும், வைரஸின் புரதம் உள்ளே போயிருக்காது. அதனால் இரண்டு குப்பியையும் காட்டச் சொல்லுங்கள். கடையில் வாங்கி மருத்துவரிடம் கொண்டுபோவதாக இருந்தால் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐஸ் கட்டியின் மேல் நேராக வைத்து உறைந்துபோனால் அந்த டோஸைப் போடக்கூடாது.